வெட்டு, ஒட்டு, வீசு, விடு

நீர் வழங்கல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புள்ளியக்கா என்றால்தான் தெரியும். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது; அது வங்கிக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டும் பயன்படுகிற பெயர். வயது நாற்பத்தாறு. டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள், கம்ப்யூட்டர் வந்ததும் ஆபரேட்டர் ஆனாள், பிறகு மகளின் கல்லூரிப் புத்தகத்தை எடுத்துப் படித்து நிரல் எழுதவும் கற்றுக்கொண்டாள். அந்தப் பாடத்தில் மகள் ஒருமுறை கோட்டை விட்டாள், அம்மா விடவில்லை. அதை வீட்டில் சொல்லிக்காட்டாமல் இருப்பதற்கு அவள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அலுவலகத்தில் பத்தொன்பதாயிரம் வால்வு அட்டைகள் இருந்தன. தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களில் எங்கெங்கே வால்வு, மூடி எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், கடைசியாக யார் திருப்பினார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். எங்காவது குழாய் உடைந்தால், இழுப்பறை இழுப்பறையாகத் துழாவி அட்டையை எடுப்பதற்குள் தெரு குளமாகிவிடும். அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. ஏற்றியதைத் தேடத்தான் வழியில்லை. அந்தத் தேடலை நான் செய்து தருகிறேன் என்று தானாகப் போய்த் தலையைக் கொடுத்தவள் இவள்.

தேடல் என்பது பெரிய மாயமொன்றும் இல்லை. தடித்த புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பட்டியல் போட்டிருப்பார்களே, அதேதான். கம்ப்யூட்டர் முதலில் ஒவ்வோர் அட்டையிலும் உள்ள எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டும். பிறகு எந்தத் துண்டு எந்த அட்டையில் என்று குறித்துவைத்துக்கொள்ளும். சிக்கல் எல்லாம் எங்கே வெட்டுவது என்பதில்தான். எங்கிருந்தோ இறக்கிக் கொண்டுவந்த ஆயத்தக் கருவி ஒன்று இருந்தது. எழுத்தும் எண்ணும் தவிர மற்றதெல்லாம் குப்பை என்பது அதன் கொள்கை. அந்தப் புண்ணியவான் கருவி நம் எழுத்தின் புள்ளியையும், காலையும், கொம்பையும்கூடக் குப்பை என்றே எடுத்துக்கொண்டது. முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது வால்வு என்பது வ, ல, வ என்று மூன்று துண்டாகக் கிடந்தது. குழாய், க, ழ, ய ஆகியிருந்தது.

"என் புள்ளி எங்க? புள்ளிய யாரு எடுத்தது?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்து மேசைக்கடியில் குனிந்து தேடினார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் புள்ளியக்கா.

புள்ளியை மீட்டுக்கொண்டுவந்த பிறகு அவள் ஒரு நீளமான நோட்டை எடுத்து நான்கு பத்தி கிழித்தாள். வெட்டு, ஒட்டு, வீசு, விடு. அட்டைகளில் வருகிற ஒவ்வொரு குறியையும் இந்த நான்கில் ஒன்றில் போட வேண்டும். காற்புள்ளி கண்டால் வெட்டு. அடைப்புக்குறி கண்டால் வெட்டு. மு.கு. என்று முதன்மைக் குழாயைச் சுருக்கி எழுதுகிற இடத்தில் ஒருவர் புள்ளி வைத்திருப்பார், ஒருவர் வைத்திருக்க மாட்டார். அங்கே புள்ளியை எடுத்து ஒட்டு. சாய்கோடு மட்டும் அவள் உயிரை வாங்கியது. 16/3 என்று ஒரு வால்வு எண். அதை வெட்டினால் பதினாறு தனி, மூன்று தனி. பதினாறு அங்குலக் குழாயும் மூன்றாவது தெருவும் எங்கெங்கே வருகிறதோ அத்தனை அட்டையும் வந்து குவியும். ஒட்டினால் 163 ஆகிவிடும். 163 என்று ஊரின் வேறொரு மூலையில் நிஜமாகவே ஒரு வால்வு இருக்கிறது. மூன்று வாரம் மல்லுக்கட்டி, எண்ணுக்கு நடுவில் சாய்கோடோ சிறுகோடோ வந்தால் அப்படியே விடு என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வீட்டு எண் 8/2-அ என்று அடித்தால் 8/2-அ மட்டும் வந்தது. அன்றைக்கு மதியம் அவள் தன் டப்பாவில் இருந்ததை அறை முழுக்கப் பகிர்ந்து கொடுத்துவிட்டுத் தான் டீ மட்டும் குடித்தாள்.

நட்சத்திரக் குறிக்கு மூன்று வாரம் ஆகவில்லை. மூன்று விநாடிகூட ஆகவில்லை. வீசு என்று எழுதிவிட்டாள்.

அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. அந்த அட்டைகளை அந்தக் காலத்தில், வால்வு ஆட்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து அப்படியே அடித்தவர்கள் மூன்று டைப்பிஸ்டுகள். அதில் ஒருத்தி இவள். வேலை அலுத்துப்போகும்போது அட்டையின் அடியில் நட்சத்திரமாக அடித்துக் கோலம் போடுவார்கள். யார் அட்டை அழகு என்று போட்டி வேறு. நட்சத்திரத்தால் கரை, நட்சத்திரத்தால் முக்கோணம். ஒருத்தி மீன்கூடப் போட்டிருக்கிறாள். இப்போது கம்ப்யூட்டர் திரையில் அந்த வரிசைகளைப் பார்த்தபோது புள்ளியக்காவுக்குக் கூச்சமாகிவிட்டது. சின்ன வயதில் அடித்த கூத்து யார் கண்ணிலும் படாமல் போகட்டும் என்று, அத்தனை நட்சத்திரத்தையும் ஒரே வரியில் துடைத்தெறிந்தாள். அதோடு விட்டாளா? தெருவில் வேலை செய்கிறவர்களின் போன் திரை சின்னது, அதில் அலங்காரமெல்லாம் எதற்கு என்று, குப்பை நீக்கிய எழுத்தையே அவர்களுக்குக் காட்டவும் வைத்தாள். சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பாராட்டியவர்களில் முதல் ஆள் அவள் கணவர். அவர் அதே அலுவலகத்தில் வால்வு திருப்புகிறவர். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தடி, மேலே குறுக்குப் பிடி, அதுதான் வால்வுச் சாவி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போவதால் சாவிக்காரர் என்று பெயர். மூடியைத் திறந்து, சாவியை உள்ளே விட்டுத் திருப்பினால் ஒரு வட்டாரமே தாகத்தில் தவிக்கும், இன்னொரு வட்டாரம் குளிக்கும். அவ்வளவு அதிகாரம் உள்ள மனுஷர் வீட்டில் அலமாரிக் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்துவார். புதுத் தேடல் வந்ததிலிருந்து போகிற இடமெல்லாம் போனை நீட்டிக் காட்டுவார். "எங்க வீட்டம்மா செஞ்சது. இதுல தப்பு வராது" என்பார். இதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது உண்மை. பின்னால் அந்த ஒரு வாக்கியம் அவளைப் படுத்தியதும் உண்மை.

இந்தக் கதை நல்லபடியாகத்தான் முடிந்தது. இல்லாவிட்டால் இதை இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் நடுவில் ஒரு பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது.

தேடல் நன்றாக ஓடுகிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை பழைய அட்டைகளையெல்லாம் மூட்டை கட்டிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அடுத்த புதன்கிழமை வடக்குப் பிரிவின் சாவிக்காரர் விடுப்பு. அவருக்குப் பதிலாக நம் சாவிக்காரரை அனுப்பினார்கள். சொந்தப் பிரிவு என்றால் அவருக்குப் போனும் வேண்டாம், அட்டையும் வேண்டாம், கை தானாகத் திரும்பும். வடக்கு அவருக்குப் புதுசு. போனைப் பார்த்துத்தான் வேலை.

அன்று காலை பத்தேமுக்காலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிழக்குப் பிரிவு மேஸ்திரி புள்ளியக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. எங்க ஏரியாவுல இருக்கற எதிர்ச்சுத்து வால்வுக்கெல்லாம் ஒரு லிஸ்ட் எடுத்துக் குடுங்க. மூடி மேல சிவப்புப் பெயின்ட் அடிக்கப் போறோம்."

"எதிர்ச்சுத்தா? அப்படின்னா என்ன?"

"சாவிக்காரர் வீட்டம்மா கேக்கற கேள்வியா இது? வால்வுன்னா வலது பக்கம் திருப்பினா மூடும். சில பழைய வால்வு இருக்கு, அதுங்கள வலது பக்கம் திருப்பினா திறக்கும். அதான் எதிர்ச்சுத்து."

"சரி, அட்டையில அத எப்படி எழுதியிருப்பாங்க? எந்த வார்த்தையப் போட்டுத் தேடணும்?"

"வார்த்தையெல்லாம் கிடையாதுக்கா. நம்பர் பக்கத்துல ஒரே ஒரு ஸ்டார் இருக்கும். எப்பவும் அப்படித்தானே போடுவோம்?"

புள்ளியக்கா தேடல் பெட்டியில் ஒரு நட்சத்திரம் அடித்துப் பார்த்தாள். முடிவு எதுவும் இல்லை என்றது. இல்லாமல்தானே இருக்கும், வீசியவளே இவள்தானே. மேஸ்திரி அந்தப் பக்கம் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தெருவில் இருக்கிற ஆட்களின் போனிலும் அந்த நட்சத்திரம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அட்டைகளின் மூல எழுத்து அழியவில்லை, அது தனியே பத்திரமாக இருந்தது. பட்டியலை விட்டுவிட்டு, பத்தொன்பதாயிரத்தையும் முதலிலிருந்து கடைசி வரை நேராகவே துழாவச் சொன்னாள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் உள்ளவை மட்டும். நாற்பது விநாடியில் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. அடுத்து அன்றைய வேலைப் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. முதல் வரியிலேயே இருந்தது. வடக்குப் பிரிவு, வால்வு 16/3 மூடுதல் பத்து மணி. குழியில் இறங்கிக் குழாய் இணைப்பைப் பிரித்தல் பதினொரு மணி. பணியாளர் இருவர்: சாவிக்காரர், பிட்டர்.

மூல அட்டையில் 16/3 பக்கத்தில் நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பத்தெட்டு.

ஆபத்து என்னவென்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, இத்தனை வருஷம் சாவிக்காரரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். திறந்து கிடக்கிற எதிர்ச்சுற்று வால்வை வலது பக்கம் திருப்பிப் பார்த்தால் அசையாது. அசையவில்லை என்றால், ஏற்கெனவே மூடியிருக்கிறது, யாரோ முந்தைய ஷிப்டில் மூடிவிட்டார்கள் என்றுதான் எந்தச் சாவிக்காரரும் நினைப்பார். நினைத்துவிட்டுத் தைரியமாகக் குழிக்குள் இறங்குவார். ஒன்பது அடிக் குழி. ஏறி வர ஒரே ஓர் இரும்பு ஏணி. அங்கே இருந்த அழுத்தமானி போன வருஷமே பழுது. இணைப்பைப் பிரித்தால் இரண்டடிக் குழாயின் தண்ணீர் மொத்தமும் அவர்கள் மேல் பாயும். ஏணியில் கால் வைக்கக்கூட நேரம் இருக்காது.

கணவருக்குப் போன் செய்தாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. குழியில் இறங்கும்போது போனை வண்டியில் வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம், அதுவும் அவளுக்குத் தெரியும். வண்டி டிரைவருக்குச் செய்தாள். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். வடக்குப் பிரிவு உதவிப் பொறியாளர் போனை அணைத்து வைத்துவிட்டு ஏதோ கூட்டத்தில் இருந்தார். எதிர் மேசைக்காரரைப் பார்த்து "கட்டுப்பாட்டு அறைக்கு அடிச்சுக்கிட்டே இருங்க, விடாதீங்க" என்று கத்தினாள். அந்த மனுஷர் ஏன் என்று கேட்காமல் அடிக்க ஆரம்பித்தார்; அதற்காக அவரை இன்றுவரை அவள் மறக்கவில்லை. எழுந்து ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஏழு கிலோமீட்டர் தூரத்தை எங்கே ஓடுவது?

அப்போதுதான் அட்டையின் மூன்றாவது வரி கண்ணில் பட்டது. குழி, வீட்டு எண் 8/2-அ எதிரில்.

நகரத்தின் புகார்ப் பதிவேட்டையும் இதே தேடலில்தான் சேர்த்திருந்தாள். 8/2-அ, தெருப் பெயர், அடித்தாள். எண் வெட்டுப்படவில்லை, ஒட்டிக்கொள்ளவும் இல்லை. அந்த ஒரே வீடு வந்தது, பதினான்கு புகார்களோடு. தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, நோயாளிகள் வாய் கொப்பளிக்க முடியவில்லை, இப்படிக்குப் பல் மருத்துவர். அலுவலகமே நடுங்குகிற பல் டாக்டரம்மா. கடிதத்துக்குக் கடிதம் சூடு ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் தொலைபேசி எண் தவறாமல் இருக்கும்.

இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். "பல் ஆஸ்பத்திரி, சொல்லுங்க."

"நீர் வழங்கல் ஆபீஸ்லேர்ந்து பேசறேன்மா, அவசரம்..."

"ஆபீஸ்லேர்ந்தா? நீங்களாவா? இருங்க இருங்க, டாக்டர் உங்களத்தான் தேடிக்கிட்டிருக்காங்க."

போன் கை மாறியது. "போன்ல பேசினா போதும்னு நெனச்சீங்களா? பதினாலு தடவ எழுதியிருக்கேன். இன்னிக்கு ஆளு வந்திருக்காங்கன்னு பார்த்தா அவங்க பாட்டுக்குக் குழிக்குள்ள..."

"டாக்டர், என்னைத் திட்டுங்க. அப்புறமா நாள் முழுக்க நின்னு வாங்கிக்கறேன். இப்ப அந்தக் குழியில இருக்கறவங்க போல்ட்டக் கழட்டினா செத்துப்போயிடுவாங்க. தண்ணி மூடல. ஓடிப்போய் மேல வரச் சொல்லுங்க. அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர்."

தட்டில் ஏதோ கருவி விழுந்த சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். போனை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அதற்குப் பிறகு புள்ளியக்காவின் காதில் விழுந்ததெல்லாம் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி விடப்பட்ட யாரோ ஒரு நோயாளி "ஆ? ஆ?" என்று கேட்டதும், தெருவில் போன வண்டிகளின் ஹாரனும்தான்.

மணி பத்து ஐம்பத்தாறு. அவள் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, கூப்பிடத் தோன்றவில்லை. வீசு என்று எழுதிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அந்த நம்பிக்கையிலேயே இறங்கியிருப்பாரே என்ற நினைப்பு வந்தது. மகளிடம் என்ன சொல்வது என்று யோசனை ஓடியது. அதற்குமேல் யோசிக்க மாட்டேன் என்று மனசு முரண்டு பிடித்து நின்றுவிட்டது.

பிறகு யாரோ மூச்சு வாங்குகிற சத்தம்.

"என்னம்மா?"

அவருடைய குரல்.

"இந்தா, லைன்ல இருக்கியா?"

"மேல வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். இந்த டாக்டரம்மா மாஸ்க்கும் கையுறையுமா ஓடிவந்து குழிக்கு மேல நின்னு ஒரு கத்து கத்தினாங்க பாரு, என் பல்லப் புடுங்கத்தான் வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"பிட்டர்?"

"அவனும் மேலதான் நிக்கறான். என்ன விஷயம், சொல்லு."

"பதினாறு பை மூணுல ஸ்டார் இருக்கு."

சாவிக்காரருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

"போன்ல இல்லையே," என்றார் மெதுவாக.

"நான் எடுத்துட்டேன். அலங்காரம்னு நெனச்சு நான்தான் எடுத்துட்டேங்க."

"சரி. அழாத. நாங்க இன்னும் ஸ்பானரையே கையில எடுக்கல. நீ முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடி."

அப்பாடா என்று ஒரு சொல் இருக்கிறது நம் மொழியில். அதை எத்தனையோ முறை சும்மா சொல்லியிருக்கிறோம், பஸ்ஸில் இடம் கிடைத்ததற்கும் மழை விட்டதற்கும். அன்று புள்ளியக்கா அதை உடம்பு முழுவதாலும் சொன்னாள். போன உயிர் திரும்பி வந்து உட்கார இடம் கேட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்து, அறையில் ஆண்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள். எதிர் மேசைக்காரர் ஒரு கையால் தண்ணீரை நீட்டினார், இன்னொரு கையால் இன்னமும் கட்டுப்பாட்டு அறைக்கு அடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வடக்கில் சாவிக்காரர் சாவியை இடது பக்கம் போட்டுத் திருப்பினார். அறுபத்திரண்டு சுற்று. கடைசிச் சுற்றில் வால்வு கெட்டியாக உட்கார்ந்தது. மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்து தண்ணீர் விட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் புள்ளியக்கா செய்த முதல் வேலை, இருநூற்றுப் பன்னிரண்டு எண்களையும் தாளில் அடித்து நான்கு பிரிவுக்கும் அனுப்பியது. இரண்டாவது வேலை, செயற்பொறியாளர் அம்மாவின் அறைக்குப் போனது. போகிற வழியில் எதிர் மேசைக்காரர் தடுத்தார்.

"அக்கா, சாஃப்ட்வேர் கோளாறுன்னு எழுதிக் குடுத்துடுங்க. யாரு கேக்கப் போறா?"

"சாஃப்ட்வேர்னா நான்தானே?" என்றாள் அவள்.

செயற்பொறியாளர் அம்மா முழுவதையும் கேட்டார். வேலை போய்விடும் என்ற முடிவோடுதான் புள்ளியக்கா நின்றாள். அவர் நோட்டை வாங்கி நான்கு பத்தியையும் மேலிருந்து கீழே படித்தார். வீசு என்ற பத்தியில் முப்பத்தொரு குறிகள் இருந்தன.

"இந்த முப்பத்தொண்ணும் என்னன்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"நானும் உங்கள அதக் கேக்கல. கையெழுத்துப் போட்டது நான். ரெண்டு பேருமே கேக்கல. அட்டையெல்லாம் கிடங்குலேர்ந்து திரும்ப வரட்டும். நாளைலேர்ந்து நீங்க தெருவுக்குப் போங்க. ஒவ்வொரு குறியா, அத எழுதினவங்க கிட்டயே கேட்டுட்டு வாங்க."

இரண்டு வாரம் புள்ளியக்கா வால்வு ஆட்களோடு தெருவில் சுற்றினாள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன, இது என்ன என்று கேட்டாள். ஒரு வட்டம், மூடி மேல் தார் போட்டுவிட்டார்கள், உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அர்த்தமாம். கீழ்நோக்கி ஓர் அம்பு. சாவிக்கு நீளம் போதாது. அலை மாதிரி ஒரு கோடு. குழியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். டிக் போட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்தால், அந்த வீட்டு நாய் கடிக்கும். "எத்தன பேரக் கடிச்சுதுங்கறதுக்குத்தான் எத்தன பெருக்கல்னு கணக்கு" என்றார் ஒருவர். ஓர் அட்டையில் ஏழு இருந்தது. யாருக்குமே தெரியாத குறி ஒன்றும் அகப்பட்டது, மூன்று சாய்கோடும் ஒரு வளைவும். நான்கு பிரிவுக்காரர்களும் கூடி மண்டையைக் குடைந்துகொண்டார்கள். அது டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றிய அன்று தானே தட்டிப் பார்த்தது என்று அவளுக்குத் தாமதமாக நினைவு வந்தது. அது ஒன்று மட்டும் நிம்மதியாக வீசு பத்தியிலேயே தங்கியது. நட்சத்திரத்துக்கும் வழி பிறந்தது. எண்ணை ஒட்டி ஒற்றையாக வந்தால் விடு, வரிசையாக வந்தால் வீசு. மீன் போனது போனதுதான்.

பல் டாக்டரம்மாவிடமிருந்து பதினைந்தாவது கடிதம் வந்தது. தண்ணீர் இப்போது நன்றாக வருகிறது, அடுத்த முறை உயிர் காப்பாற்ற வேண்டுமென்றால் நோயாளி வாயில் பஞ்சு வைப்பதற்கு முன்பே சொல்லவும் என்று எழுதியிருந்தார். பாராட்டுக்கென்று பதிவேடு கிடையாது என்பதால் அதையும் புகாரிலேயே பதிந்தார்கள்.

எல்லாம் அடங்கி, தேடல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, தேங்கிக் கிடந்த பணி அறிக்கைகளைப் பட்டியலில் ஏற்ற உட்கார்ந்தாள். அதில் பிட்டர் கைப்பட எழுதிய வடக்குப் பிரிவு அறிக்கையும் இருந்தது. தட்டச்சு செய்துகொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள்.

'பன்னிரண்டு போல்ட்டுகளில் நான்கு கழற்றிய நிலையில் இணைப்பின் ஓரத்தில் நீர் பீறிட்டது. குழாயில் தங்கிய மிச்ச நீர் எனக் கருதி, ஐந்தாவதைத் தளர்த்தும்போது மேலிருந்து கூப்பிட்டதால் வேலை நிறுத்தப்பட்டது.'

மூன்று முறை படித்தாள். பிறகு ஓர் எழுத்தும் ஒரு குறியும் விடாமல் அப்படியே அடித்து ஏற்றிவிட்டு, அரை மணி முன்னதாக வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாவிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"நாலு போல்ட்டு."

அவர் நிமிரவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்தார். "ரிப்போர்ட் உன் கைக்குத்தான் வரும், பார்த்து எழுதுடான்னு சொன்னேன். அவன் கேக்கல."

"ஸ்பானரையே எடுக்கலன்னு சொன்னீங்க."

"நீ அப்ப அழுதுக்கிட்டிருந்தே. நாலுன்னு சொன்னா அங்கயே விழுந்திருப்பே."

"அஞ்சாவதும் லூசு பண்ணியாச்சு."

"ஆமா. ஆனா மிச்சம் தாங்குச்சுல்ல? தாங்கிடுச்சு. அவ்வளவுதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் நகத்துக்கடியில் இருந்தது. முதலில் அழுகைதான் வந்தது. அது எப்போது சிரிப்பாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல், மடித்த துண்டு ஒன்றை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார். சத்தம் கேட்டு மகள் உள்ளிருந்து ஓடிவந்தாள்.

"என்னம்மா ஆச்சு? ஏன் அழற?"

"ஒண்ணுமில்லடி," என்றாள் புள்ளியக்கா, கையை விடாமல். "அப்பா வீட்டுல இருக்காரு."